நீலக்குறி விழுந்த முகம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு முழங்காலில் தொடங்கி இடுப்பில் வந்து முடிகிறது. எனக்கு அலுத்துவிட்டது. இன்றைக்கு ஒரு நாள் முழங்காலை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஒரு முகத்தைப் பற்றிப் பேசலாம். என் அத்தையின் முகம். நேரில் பார்த்த முகம் இல்லை, காகிதத்தில் பார்த்த முகம். ஒரு கோடைகாலம் முழுக்க அதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பெற்ற பிள்ளைகளைக்கூட நான் அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. சொன்னால் அவர்கள் கோபித்துக்கொள்வார்கள், அதனால் இங்கேயே இருக்கட்டும்.

ஆம்பூரில் பிறந்தவர்களுக்குத் தோல் வாடை தெரியாது. ரயில் வந்து நிற்கும்போது வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவதைப் பார்த்து, இவர்களுக்கெல்லாம் என்ன வியாதி என்று நாங்கள் யோசிப்போம். எங்கள் நைனா ஒரு சாயபுவின் தோல் ஷாப்பில் தரம் பிரிப்பவர். பதனிட்டுக் காய்ந்த தோல்கள் அவர் முன்னால் அடுக்காக வந்து விழும். ஒன்றை எடுப்பார், வெளிச்சத்தில் பிடிப்பார், கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு. காதிலிருந்து நீலப் பென்சிலை எடுத்து மூலையில் குறி போட்டுத் தள்ளிவிடுவார். முதல் தரத்துக்கு ஒரு கோடு, இரண்டாம் தரத்துக்கு இரண்டு. கழிவு என்றால் ஒரு வட்டம், அதற்குள் ஒரு பெருக்கல். எங்கள் பக்கத்து ஷாப்புகள் எல்லாவற்றிலும் கழிவுக்கு அதே குறிதான். அந்த வட்டத்தைப் பார்த்தால் எழுதப் படிக்கத் தெரியாதவரும் உதட்டைப் பிதுக்குவார்.

அந்தப் பென்சில் வீட்டிலும் அவர் காதை விட்டு இறங்காது. சாப்பிடும்போதும் இருக்கும், வேதக்கோயிலில் ஜெபம் பண்ணும்போதும் இருக்கும். கை பழகிப்போய், தொட்டதற்கெல்லாம் குறி போட்டுவிடுவார். ஒருமுறை சந்தையில் வாங்கி வந்த பூசணிக்காயில் இரண்டு கோடு இழுத்துவிட்டார். அம்மா அதை இரண்டாந்தரமாகவே சமைத்தாள்.

அத்தை அவருடைய ஒரே தங்கை. தாய் தகப்பன் போனபிறகு எங்களோடுதான் இருந்தாள். அதே ஷாப்பில் ஆவாரம்பட்டை இடிக்கும் வேலை. தோல் பதனிட அந்தப் பட்டைத்தூள்தான் வேண்டும். உலக்கை பிடித்துப் பிடித்து அவள் மணிக்கட்டு ஆண்பிள்ளை மணிக்கட்டு மாதிரி இருக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவம்வரை மஞ்சள் பூத்திருக்கும். சின்ன வயதில் பெரியம்மை வந்து பிழைத்தவள். முகம் முழுக்க வடு. எங்களுக்கு அது வித்தியாசமாகவே தெரியாது. அத்தை என்றால் அப்படித்தான் இருப்பாள் என்று நினைத்தோம். கல்யாணப் பேச்சு வந்தபோதுதான் அது ஒரு விஷயம் என்று எனக்குத் தெரிந்தது.

நான் சொன்ன அந்தக் கோடைக்கு முந்தைய வருஷம் அவளை வேலூரில் ஒரு போட்டோக் கடைக்குக் கூட்டிப் போனார்கள். கோட்டையும் ஏரியும் வரைந்த திரைக்கு முன்னால் ஒரு பூச்சாடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “கவலப்படாதீங்கம்மா, பிரஷ் வெச்சு தொட்டுட்டா ஒண்ணுமே தெரியாது” என்று கடைக்காரர் அம்மாவிடம் சொன்னார். சொன்னபடியே செய்தார். படம் வந்தபோது அத்தையின் முகம் உரித்த முட்டை மாதிரி இருந்தது. அம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

அத்தை படத்தை வாங்கிப் பார்த்தாள். “யாரு அண்ணி இது?”

“நீதாண்டி.”

“நான் இல்ல. என் பொடவைய எவளோ கட்டிக்கினு நிக்கிறா.”

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் விரிஞ்சிபுரத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையனின் தாயார் கையிலிருந்த படத்தைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். “இது அக்காவாம்மா? பொண்ணு உள்ள கீதா?” என்று கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, பாவம், நிஜமாகவே கேட்டாள். பெண் இதுதான் என்று அம்மா சொன்னாள். வைத்த கேசரி வைத்தபடி இருக்க, எழுந்து போய்விட்டார்கள். கேசரியை நாங்கள்தான் தின்றோம். அத்தையும் எங்களோடு உட்கார்ந்து தின்றாள். “நெய் கம்மி” என்றாள். ஆனால் அதற்குப்பிறகு கிறிஸ்துமஸுக்குக்கூட அவள் கண்ணாடி முன்னால் நின்று நான் பார்க்கவில்லை.

இப்போது யோசித்தால், அவமானப்படுத்தியது விரிஞ்சிபுரத்துக்காரர்கள் இல்லை. அந்த பிரஷ்தான். ஆனால் அம்மாவும் நைனாவும் அதை அன்பு என்று நினைத்துத்தான் செய்தார்கள். இன்றைக்கும் அம்மா மேல் எனக்கு அந்த விஷயத்தில் கோபம் உண்டு. செத்துப்போனவள் மேல் கோபப்படக்கூடாது என்பார்கள், நான் படுகிறேன்.

மறு வருஷம் வெயில் ஏறும் சமயத்தில் மிஷன் பங்களாவுக்கு ஒரு வெள்ளைக்கார அம்மா வந்தாள். ஆஸ்பத்திரி டாக்டரம்மாவின் தங்கை, ஜெர்மனி தேசம். மருந்தும் தெரியாது, பிரசங்கமும் தெரியாது. படம் போடுவாள். ஒரு பலகையும் கறுப்புக் குச்சிகளுமாகத் தெருத்தெருவாய் அலைவாள். அடுப்புக்கரி மாதிரித் தெரியும், ஆனால் கெட்டியான குச்சி. அதைப் பிடித்துப் பிடித்து விரலெல்லாம் கறுத்திருக்கும். “கறுப்புக்கை துரைசானி” என்று பெயர் வைத்துவிட்டோம். அவள் தமிழ் கற்றது கப்பலில் வரும்போது, வேதாகமத்தைப் படித்து. அதனால் அவள் பேசுவது ஏசுநாதர் பேசுவது மாதிரியே இருக்கும்.

ஷாப்புக்கு எதிரே ஒரு புங்கமரம். மத்தியானம் பட்டை இடிக்கும் பெண்கள் அங்கேதான் கூழ் குடிக்க உட்காருவார்கள். அத்தைக்குத் தூக்கில் கூழ் கொண்டுபோவது என் வேலை. அன்றைக்கு நான் போனபோது துரைசானி அத்தைக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஸ்திரீயே, நீ அசையாதிருப்பாயாக” என்றாள்.

மற்றப் பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. “எதுக்கு?” என்றாள்.

“உன் முகத்தை நான் வரைவேன்.”

“இந்த மூஞ்சியா? ஊர்ல வேற மூஞ்சியே கெடைக்கலியா?”

துரைசானி தலையை ஆட்டினாள். “வேறே வேண்டாம். இது வேண்டும்.”

அத்தை உட்கார்ந்த இடத்திலேயே முதுகை நிமிர்த்தினாள். பிறகு, “போடு. ஆனா போட்டு முடிச்சா படம் எனக்குத்தான்” என்றாள். துரைசானி கையை நெஞ்சில் வைத்துச் சரி என்றாள்.

நான் தூக்கைப் பிடித்துக்கொண்டு அவள் தோளுக்குப் பின்னால் நின்றேன். அவள் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. கண் அத்தை மேல் இருந்தது, கை தானாகப் போய்க்கொண்டிருந்தது. கறக் கறக் என்று சத்தம். குச்சி இரண்டுமுறை ஒடிந்தது. அந்த நேரம் பார்த்துப் பட்டை வண்டிக்காரர் ஒருவர் வந்து, நனைந்த பட்டையைக் காயவைத்த பட்டையின் மேலேயே கொட்டினார். அத்தைக்கு வந்ததே கோபம்! “கண்ணு இன்னா பொடனியில கீதா? காலையிலேர்ந்து காயவெச்சத ஒரு நொடியில கெடுத்தியே, நீ நல்லா இருப்பியா?” என்று பிடித்தாள். எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை முகவாய்க்குப் பக்கத்தில் தூக்கி விரலை ஆட்டினாள். பிறகுதான் அசையக்கூடாது என்ற நினைவு வந்து துரைசானியைப் பார்த்து நிறுத்தினாள்.

“நிறுத்தாதே!” என்று துரைசானி கத்தினாள். “கோபிப்பாயாக!”

அத்தை மறுபடி தொடங்கினாள். திட்டு வாங்கிக்கொண்டிருந்த வண்டிக்காரர் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய மாடு அதற்குள் அவர் சாப்பாட்டு மூட்டையை அவிழ்த்துத் துணியோடு மென்றுகொண்டிருந்தது. அத்தை அதைப் பார்த்துவிட்டாள். திட்டும் வாயிலேயே சிரிப்பு வந்து முட்டியது. கறக் கறக் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

முடித்ததும் துரைசானி ஒரு சின்னக் குழாயால் படத்தின் மேல் எதையோ ஊதித் தெளித்தாள். கறுப்பு உதிராமல் இருக்கவாம். சாராய வாடை அடித்தது. அவளோ வெயில் தாங்காமல் அடுத்த வாரமே மலைக்குப் போய்விட்டாள், பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

படத்தை வீட்டில் விரித்ததும் அம்மா ஓரடி பின்வாங்கினாள். “இன்னாடி இது, பேய் புடிச்சா மாதிரி! மூக்கு பாதிதான் கீது. கண்ணு ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. சாராய நாத்தம் வேற!” பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று தலை. “அம்மை போட்டது பத்தாதுன்னு துரைசானி வேற போட்டுட்டாளா?” என்று ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் நைனா ஷாப்பிலிருந்து வந்தார். நாள் முழுக்க நின்ற கால், தோலை விட்டு வேறு எதையும் பார்க்காத கண். தரையில் விரித்துக் கிடந்ததைக் குனிந்து எடுத்தார், வாசல் வெளிச்சத்தில் பிடித்தார், கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு. கை காதுக்குப் போயிற்று. மூலையில் ஒரு வட்டம். அதற்குள் பெருக்கல்.

தெருவே இரண்டாகக் கிழிகிற மாதிரி சிரித்தார்கள். போட்ட பிறகுதான் நைனாவுக்குத் தான் செய்தது தெரிந்தது. எச்சில் தொட்டு அழித்துப் பார்த்தார், நீலம் போகவில்லை. “பழக்கதோசம்மே…” என்று இழுத்தார். அத்தை படத்தை அவர் கையிலிருந்து வாங்கி, அரிசிப்பானைக்கு மேலே சுவரில் நாலு ஆணி அடித்து மாட்டினாள். அவள் ஆணி அடித்த சத்தத்தில் சிரிப்பு தன்னால் நின்றது. அம்மையால் குழி விழுந்த ஆட்டுத்தோலையெல்லாம் வாழ்நாள் முழுக்கக் கழிவில் தள்ளிய கை அது. தங்கை முகத்தில் அந்தக் குழியைப் பார்த்ததும் தன்னால் ஓடிவிட்டது. அது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. நைனாவுக்குப் புரிந்திருக்க வேண்டும். அன்றிலிருந்து வீட்டுக்குள் வந்ததும் பென்சிலை எடுத்து மாடத்தில் வைத்துவிடுவார்.

அந்த வாரம் எனக்குப் பொன்னுக்கு வீங்கி கண்டது. கழுத்தும் கன்னமும் ஒன்றாகிவிட்டது. வெளியே விடவில்லை. படத்துக்கு எதிரே பாய் போட்டுப் படுக்கவைத்தார்கள். பார்க்க வேறு என்ன இருந்தது? பார்த்தேன்.

என் தாடை காணாமல் போயிருந்ததாலோ என்னவோ, அத்தையின் தாடைதான் முதலில் கண்ணில் பட்டது. அந்தக் கோடு காதடியில் தொடங்குகிறது. தொடங்கும் இடத்தில் குச்சியை அழுத்தி ஒரு கணம் நிறுத்தியிருக்கிறாள், அங்கே கறுப்பு திட்டாக நிற்கும். பிறகு விறுவிறுவென்று இறங்குகிறது. தாடை முனையில் வளையாமல் ஒடிகிறது. முகவாய்க்கு வரும்போது மெலிந்து மயிரிழையாகி முடிகிறது. அத்தையின் தாடை அப்படி ஒடிந்திருக்காது, நம் எல்லோருக்கும் இருக்கிற தாடைதான். ஆனால் அவள் “முடியாது” என்று சொல்லும்போது அப்படித்தான் இருக்கும். இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு எனக்கு ஜுரமே இறங்கிவிட்ட மாதிரி இருந்தது.

மூக்குக்கு ஒரே கோடு, அதுவும் பாதியில் நின்றுவிடும். மீதி மூக்கை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். நான் தினமும் போட்டுக்கொண்டேன், தினமும் சரியாக வந்தது. கழுத்துக்கு நேர்கோடு இரண்டு, நிஜக் கழுத்தைவிட நீளம். யாரோ கூப்பிட்டு அவள் நிமிர்ந்த கழுத்து. முகவாய்க்குப் பக்கத்தில் தூக்கிய கை கன்னத்தைவிடப் பெரியது. விரல் முட்டியெல்லாம் கல் உடைத்த மாதிரி மூலைமூலையாக இருந்தது. கை அவ்வளவு பெரிசா என்று அம்மா கேட்டாள். அந்தக் கையால் முதுகில் வாங்கியிருந்தால் அம்மா கேட்டிருக்க மாட்டாள்.

வடு எங்கே என்று தேடினேன். ஒரு புள்ளிகூடக் கிடையாது. கன்னத்தில் குச்சியைப் படுக்கவைத்துத் தேய்த்திருந்தாள், அவ்வளவுதான். காகிதம் சொரசொரப்பு. மேட்டில் கறுப்பு ஒட்டியிருந்தது, பள்ளத்தில் வெள்ளை தங்கியிருந்தது. அந்த வெள்ளைதான் வடு. போட்டோக்காரர் மெனக்கெட்டு அழித்ததை இவள் போடவும் இல்லை, மறைக்கவும் இல்லை. காகிதத்தின் தோலையே அத்தையின் தோலாக விட்டுவிட்டாள்.

கண்கள்தான் ரொம்ப நாள் பிடிபடவில்லை. இடது கண் உருண்டை, நடுவில் குச்சியைக் குத்தித் திருகிய கறுப்பு. வலது கண்ணுக்கு மூன்றே கீறல், விழியே இல்லை. வாயும் அப்படித்தான், இடது ஓரம் கீழே இழுத்திருந்தது, வலது ஓரம் மேலே ஏறியிருந்தது. எல்லோரும் கோணல் என்றார்கள். ஒருநாள் மத்தியானம் சும்மா படுத்துக்கொண்டே உள்ளங்கையால் பாதிப் படத்தை மறைத்துப் பார்த்தேன். இடது பாதியில் அத்தை வண்டிக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தாள். கையை மாற்றி மறைத்தேன். வலது பாதியில் மாடு மூட்டையைத் தின்றுகொண்டிருந்தது! மாடு படத்தில் இல்லை, ஆனால் அதைப் பார்த்துச் சிரிக்கப்போகிற அத்தை இருந்தாள். இரண்டும் ஒரே முகத்தில். பாயிலிருந்து எழுந்து குதித்தேன். அம்மா ஓடிவந்து ஜுரம் தலைக்கேறிவிட்டது என்று பற்றுப் போட்டாள்.

எனக்கு வீக்கம் வடிந்த சமயம், வேதக்கோயில் உபதேசியார் ஒரு வரன் கொண்டுவந்தார். ஞாயிறு பள்ளியும் அவர்தான், கல்யாணப் பேச்சும் அவர்தான். பையன் மேல்விஷாரத்தில் இருக்கிறான், தாயும் மகனும் மட்டும், குணமான இடம். அவனும் தோல் ஷாப் வேலைக்காரன், பச்சைத்தோலில் சதை செதுக்குகிறவன். “ஒரு படம் இருந்தா குடுங்க. பாத்துட்டு வர்றோம்னு சொன்னாங்க” என்றார்.

அம்மா ஓடிப்போய்ப் பெட்டியிலிருந்து போட்டோவை எடுத்துவந்தாள். அத்தை அதை அவள் கையிலிருந்து வாங்கி மறுபடி பெட்டிக்குள் போட்டாள். சுவரிலிருந்து நாலு ஆணியையும் பிடுங்கினாள்.

“இன்னாடி பண்ற?”

“இது போவட்டும்.”

“பைத்தியமா உனக்கு? இதப் பாத்தா எவன் வருவான்?”

“இதப் பாத்துட்டு வர்றவன் வரட்டும் அண்ணி. இன்னொருவாட்டி ஒருத்தி வந்து என்னையே நிக்கவெச்சு, பொண்ணு எங்கன்னு கேக்கக்கூடாது. அத என்னால தாங்க முடியாது.” அவள் குரல் உடைந்ததை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

நைனா வாயைத் திறந்தார். அத்தையின் தாடையைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். படம் சுருட்டப்பட்டு உபதேசியாரின் கக்கத்துக்குப் போயிற்று. அவர் ஸ்டேஷனுக்குப் போனார், ரயில் சத்தமும் கேட்டு அடங்கியது. அப்போதுதான் மாடத்திலிருந்த பென்சில் மேல் நைனாவின் பார்வை விழுந்தது.

“ஐயோ, குறி!” என்றார்.

நாங்கள் எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

“அந்தப் பையன் தோல் ஷாப்காரனாச்சே! படத்த விரிச்ச ஒடனே அதத்தான் பாப்பான். பொண்ணோட அண்ணனே பொண்ணுக்குக் கழிவுன்னு குறி போட்டு அனுப்பிட்டான்னு ஊரே சிரிக்கும்!” தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அத்தை அடுப்பில் இருந்த களியைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். ரொம்ப நேரம் கிண்டினாள். அன்றைக்குக் களி அடிபிடித்தது.

பேஜாரான நாட்கள் அவை. நைனா சரியாகச் சாப்பிடவில்லை. ஷாப்பில் நல்ல தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் திட்டு வாங்கினாராம். அத்தை மட்டும் வழக்கம்போல உலக்கை பிடிக்கப் போனாள், வந்தாள். ஆனால் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் அவள் கை நிற்பதை நான் பார்த்தேன். அவளுக்கு அந்தக் கல்யாணம் வேண்டும். அந்த முகத்தோடேயே வேண்டும்.

அவர்கள் வந்தார்கள். முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து நாங்கள் வீடு திரும்பியபோது வாசலில் நின்றார்கள். உபதேசியார், ஒரு ஒல்லி மனிதர், வெள்ளைப் புடவை கட்டிய அவருடைய தாயார். தாயார் கையில் ஆற்காட்டு இனிப்பு, மக்கன்பேடா ஒரு பொட்டலம். அந்த மனிதர் கையில் சுருட்டிய படம். பின்னால் வந்துகொண்டிருந்த அத்தை கொல்லைப்பக்கமாகச் சுற்றி வீட்டுக்குள் போய்விட்டாள். திருப்பிக் கொடுக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நைனா நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

உட்கார்ந்ததும் அவர் படத்தை விரித்தார். நீல வட்டம் மேலே வந்தது. “இந்தக் குறி யாரு போட்டது?” என்று கேட்டார்.

நைனா எழுந்து நின்றார். “நான்தாம்பா. என் கை… பழக்கம். என் தங்கச்சிக்கும் அதுக்கும் சம்மந்தமில்ல. தப்பு என்னுது.”

“நானும் மொதல்ல பாத்துச் சிரிச்சேன்” என்றார் அவர். “அப்புறம் திருப்பிப் பாத்தேன். உங்களுக்கு மேல்பக்கம் பாக்குற வேல, எனக்கு சதப்பக்கம் பாக்குற வேல. எத எடுத்தாலும் திருப்பித்தான் பாப்பேன்.” காகிதத்தைக் கவிழ்த்தார். வெளிச்சத்தில் பின்பக்கம் கோடெல்லாம் நரம்பு மாதிரி எழும்பி நின்றது. அத்தனை நாள் பார்த்தும் அதை நான் பார்த்ததில்லை. “கையக் குடுங்க. இங்க தடவிப் பாருங்க. காதுலேர்ந்து மோவாவரைக்கும் ஒரே இழுப்பு. நடுவுல எங்கியும் எடுக்கல. பயந்த கை இழுத்தா பிசிறு விழும், இதுல இல்ல. இப்படி இழுக்கறவங்க முன்னால ஒருத்தி பயப்படாம உக்காந்திருக்கா. அவளப் பாக்கணும்னு வந்தேன்.”

நைனாவின் கட்டைவிரல் அந்தக் கோட்டின் மேல் போயிற்று, திரும்பி வந்தது, மறுபடி போயிற்று. அவர் கண் கலங்கிவிட்டது.

ஆனால் காரியம் முடியவில்லை. பையனின் தாயார் படத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். “இவன் சொல்றான், சரி. எனக்கு இந்த மூஞ்சியப் பாத்தா பயமா கீதே. கண்ணப் பாரு, முழுங்கிடற மாதிரி. நான் வயசானவ. இவளோட ஒரே அடுப்புல எப்பிடிக் குடித்தனம் பண்றது?”

அம்மாவின் முகம் தொங்கிப்போயிற்று. கதவுக்குப் பின்னால் அத்தையின் வளையல் சத்தம் நின்றது. நான் எப்படி எழுந்தேனோ தெரியாது, நேராகப் போய் அந்த அம்மாவின் மடியிலிருந்த படத்தின் இடது பாதியை என் உள்ளங்கையால் மூடினேன்.

“இப்பப் பாருங்க” என்றேன்.

குனிந்து பார்த்தாள். கண்ணைச் சுருக்கினாள். “அட!”

கையை மாற்றி வலது பாதியை மூடினேன். “இது வண்டிக்காரரத் திட்றது. அது மாடு அவரு சோத்தத் துணியோட துன்னத பாத்து சிரிக்கிறது. ரெண்டும் ஒண்ணா வந்துச்சு. துரைசானி ரெண்டயும் போட்டுட்டாங்க.”

“அடி கழுத, பெரியவங்க பேசறப்போ இன்னாடி நடுவுல!” என்று அத்தை கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். என்னை அடிக்கத் தூக்கிய கை முகவாய்க்குப் பக்கத்தில் நின்றது. மாடு மென்ற துணி ஞாபகம் வந்திருக்க வேண்டும், வாயின் வலது ஓரம் தானாக மேலே ஏறியது. பையனின் தாயார் படத்தைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். விரிஞ்சிபுரத்து அம்மா பார்த்த அதே பார்வைதான்.

“பொண்ணு இதேதான்!” என்று அவள் கையைத் தட்டினாள். “அச்சு அசலா இதேதான்! திட்டுனா திட்டிட்டுப் போறா, கூடவே சிரிக்கிறா இல்ல? எனக்கு அது போதும்.” மக்கன்பேடாப் பொட்டலத்தை அவிழ்த்து முதல் துண்டை அத்தையின் வாயில் திணித்தாள்.

அத்தை அதை மென்று விழுங்கினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நைனாவிடம் திரும்பினாள். “ண்ணா. குறி அப்பிடியேவா இருக்கும்?”

நைனா மாடத்துக்குப் போய்ப் பென்சிலை எடுத்துவந்தார். வட்டத்தையும் பெருக்கலையும் குறுக்கே அடித்தார். பக்கத்தில் ஒரு கோடு இழுத்தார். ஒரே ஒரு கோடு.

மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். “தரம் மாத்துனா கையெழுத்து போடணும் இல்ல, மச்சான்?”

மச்சான் என்ற சொல் விழுந்ததும் அம்மா அழுதுகொண்டே கேசரி கிளற ஓடினாள். நைனா கையெழுத்துப் போட்டார். அவர் கையெழுத்தில்தான் பிசிறு விழுந்தது.

என் பேத்தி இப்போது சென்னையில் ஓவியம் படிக்கிறாள். அந்தக் காலத்தில் ஜெர்மனியிலேயே இந்த மாதிரிப் படங்களைக் கேவலம் என்று சொல்லி ஒதுக்கிவைத்தார்களாம். அவள் புத்தகத்தில் படித்துச் சொன்னாள். அந்தத் துரைசானி ஊர் திரும்பி என்ன பாடுபட்டாளோ, தெரியவில்லை. அவள் படத்துக்கு ஆம்பூரில் முதல் தரம் கிடைத்தது என்று அவளுக்குச் சொல்ல ஆள் இல்லாமல் போய்விட்டதே என்று எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அந்தப் பூச்சாடிப் போட்டோ எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள். யாரும் தேடவில்லை.

கல்யாணத்தன்று பேண்டு முன்னால் போக, சீர்த்தட்டுகளோடு ஊர்வலம் கிளம்பியது. வெற்றிலைத் தட்டும் பழத்தட்டும் தூக்கியவர்களுக்கு முன்னால் என்னை நிறுத்தி அத்தை படத்தைக் கையில் கொடுத்தாள். சுருட்டாமல், சட்டம் அடித்து, முகம் வெளியே தெரிய. அன்றைக்குச் சிரித்த பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்றாள், அவளுக்குப் பின்னால் அதே மூன்று தலைகள். ஷாப் கேட்டருகே வந்தபோது வேலைக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். திட்டு வாங்கிய வண்டிக்காரரும் நின்றார். மூலையிலிருந்த குறியைப் படிக்க அங்கே யாருக்கும் எழுத்து தெரிய வேண்டியதில்லை. அடித்த வட்டத்தைப் பார்த்தார்கள், பக்கத்துக் கோட்டைப் பார்த்தார்கள். முதலில் ஒரு ஆள் கத்தினான். பிறகு கேட்டே அதிரும்படி அத்தனை பேரும் கத்தினார்கள். “ஒண்ணாம் நம்பரு! ஒண்ணாம் நம்பரு!”

என் கை வலித்து, சட்டம் கொஞ்சம் சரிந்தது. பின்னாலிருந்து, வெள்ளைப் பட்டும் தலையில் முக்காடுமாக மணப்பெண் போட்ட சத்தம் பேண்டையும் தாண்டிக் கேட்டது.

“தூக்கிப் புடிடி! இன்னும் மேல!”

தூக்கிப் பிடித்தேன். மேல்விஷாரத்துக்குப் போகிற வண்டி வரும்வரை நான் அதைக் கீழே இறக்கவில்லை.